கூட்டு வில்

கூட்டு வில் என்பது மரம், விலங்கின் கொம்பு, தசைநாண் ஆகிய மூன்று பொருட்களைப் பசையால் ஒன்றாக ஒட்டிச் செய்யப்படும் வில் வகை ஆகும். கொம்பு இதன் முதன்மைப் பொருளாக இருப்பதால் கொம்பு வில் எனவும் அழைக்கப்படும். நடு ஆசியப் புல்வெளிகளிலும் மேற்கு ஆசியாவிலும் கிறித்துவுக்கு முன் இரண்டாம் ஆயிரமாண்டிலேயே புழக்கத்திற்கு வந்த இவ்வில், துப்பாக்கி பரவும் வரை தேர்ப்படை, குதிரைப்படை ஆகியவற்றின் தலையாய ஆயுதமாக விளங்கியது. திருமாலின் வில்லாகிய சார்ங்கத்தின் பெயர் இவ்வகை வில்லைக் குறிக்கும் சொல்லே ஆகும். ஆயினும் தமிழகத்தில் மரத்தாலும் மூங்கிலாலும் ஆன வில்லே பெரிதும் வழங்கியதாகத் தெரிகிறது. இதற்கான காரணம் போர்க்கலையில் இருப்பதை விடத் தட்பவெப்பத்திலேயே அதிகம் இருக்கிறது எனலாம்.

இவ்வில்லை இக்காலப் போட்டிகளில் பயன்படும் கப்பி பொருத்திய வில்லுடன் குழப்பிக் கொள்ளக் கூடாது. ஒரே மரத்துண்டால் ஆன வில் தனிமர வில் எனப்படும். மரத்தையும் மூங்கிலையும் அடுக்கி ஒட்டிய சப்பானிய வில் போன்றவை அடுக்கு வில் எனப்படும். விலங்குப் பொருட்கள் சேர்ந்தால்தான் அது கூட்டு வில் ஆகும்.

தத்துவம்

ஒரு வில்லை வளைக்கும்போது வில்லாளியை நோக்கிய உட்புறம் அழுத்தப்படுகிறது. அவரிடமிருந்து விலகி இருக்கும் வெளிப்புறம் இழுக்கப்படுகிறது. இரண்டுக்கும் நடுவில் இழுவையும் அழுத்தமும் அநேகமாக இல்லாத ஒரு தளம் உண்டு. தனிமர வில்லில் இவ்விரண்டு வேலைகளையும் ஒரே மரம் செய்ய வேண்டியுள்ளது. மரம் சிறிதளவே நீளவும் சுருங்கவும் வல்லது. அந்த எல்லையைத் தாண்டினால் வெளிப்புறத்தில் பிளக்கும், அல்லது உட்புறத்தில் நசுங்கி நிரந்தரமாக வளைந்துவிடும். எனவே வலிமையான மர வில் வேண்டுமெனில் அதை நீளமாகச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. நீளம் கூடினால் ஒவ்வொரு பகுதியும் குறைவாக வளைந்தால் போதும்.

கூட்டு வில்லில் வேலை பகிர்ந்து அளிக்கப்படுகிறது. அழுத்தத்தை நன்கு தாங்கும் கொம்பு உட்புறத்திலும், இழுவையைத் தாங்கும் தசைநாண் வெளிப்புறத்திலும் அமைகின்றன. நடுவில் இருக்கும் மரம் பெரும் சுமை எதையும் தாங்குவதில்லை. மற்ற இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போகாமல் பிடித்து வைப்பதும், வில்லுக்கு வடிவம் தருவதுமே அதன் பணி. காங்கிரீட்டு அழுத்தத்தையும் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி இழுவையையும் தாங்கும் இன்றைய கட்டுமான முறையும் இதே கருத்தின் பயனே.

இதனால் கிடைக்கும் நன்மைகள் இரண்டு. முதலாவது, வில் குட்டையாக இருந்தும் நாணை நெடுந்தொலைவு இழுக்க முடியும். தேரிலும் குதிரை மீதும் நின்றும் அமர்ந்தும் எய்பவருக்கு இது இன்றியமையாதது. இரண்டாவது, வில்லின் கைகள் குட்டையாகவும் இலேசாகவும் இருப்பதால் அவற்றை அசைப்பதில் வீணாகும் ஆற்றல் குறைந்து, அம்புக்குச் செல்லும் பங்கு கூடுகிறது. 1790களில் இலண்டனில் துருக்கியத் தூதரகத்தின் செயலர் ஒருவர் தம் நாட்டுக் கூட்டு வில்லால் 400 கெசத்துக்கும் அப்பால் அம்பு எய்து, நீண்ட மர வில்லையே அறிந்திருந்த ஆங்கில வில்லாளிகளை வியப்பில் ஆழ்த்தினார்.

பொருட்களும் செய்முறையும்

கொம்பு: நீர் எருமையின் கொம்பு நீளமும் தட்டையான அகலமும் உடையதாதலால் மிகச் சிறந்ததாகக் கருதப்பட்டது. எருமை இல்லாத நாடுகளில் காட்டாடு, மாடு ஆகியவற்றின் கொம்புகள் பயன்பட்டன. எருமை வளராத கொரியாவில் மரபு வில்லுக்காக எருமைக் கொம்பு கடல் வழியாக இறக்குமதி செய்யப்பட்டது. கொம்பை நீளவாக்கில் அறுத்து, சூடேற்றி நிமிர்த்தி, பட்டையாகச் செதுக்குவர். ஒட்டப்படும் முகத்தில் பற்கள் உள்ள கருவியால் நெடுகக் கோடு கீறப்படும். மரத்தின் முகத்திலும் அவ்வாறே கீறி இரண்டையும் பொருத்துவதால் பசை பிடிக்கும் பரப்பு கூடுகிறது.

தசைநாண்: தசையை எலும்போடு இணைக்கும் வெண்ணிறக் கயிறு போன்ற இதைப் பேச்சு வழக்கில் நரம்பு என்றே சொல்வதுண்டு. மாடு, மான் முதலியவற்றின் கால்களிலிருந்து எடுத்து, உலர்த்தி, மரச் சுத்தியால் தட்டினால் நார் நாராகப் பிரியும். அந்நாரைச் சீப்பால் வாரிப் பசையில் தோய்த்து வில்லின் முதுகில் அடுக்கு அடுக்காகப் படியவைப்பர். காயும்போது இது சுருங்குவதால், நாணேற்றாத நிலையில் வில் எதிர்ப்புறமாகவே வளைந்து நிற்கும். சில வகைகளில் இரு முனைகளும் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு வளைந்திருக்கும். அதனைத் திருப்பி வளைத்து குதையில் நாண் மாட்டுவதே பயிற்சி வேண்டும் வேலையாகும்.

பசை: தோல், தசைநாண் ஆகியவற்றைக் கொதிக்க வைத்து எடுக்கும் பசை பொதுவானது. தமிழ்நாட்டுத் தச்சர்கள் அண்மைக்காலம் வரை கட்டிகளாக வாங்கி உருக்கிப் பயன்படுத்திய வச்சிரம் இதே இனத்தைச் சேர்ந்ததே. சில மீன்களின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை இதனினும் உயர்ந்ததாக மதிக்கப்பட்டது. இப்பசைகள் யாவும் காய்ந்தால் மிக உறுதியானவை. ஆனால் ஈரம் பட்டால் இளகிவிடும்.

ஒவ்வோர் அடுக்கும் காய வாரக்கணக்கில் ஆகும். முழு வில்லும் பதப்பட மாதக்கணக்கில் ஆகும். கொம்பை ஒரு பருவத்திலும் தசைநாணை வேறு பருவத்திலும் ஒட்டி, ஓர் ஆண்டோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்ட கைவினைஞர்கள் உண்டு. இறுதியாக மரப்பட்டை, மெல்லிய தோல் அல்லது அரக்குப் பூச்சால் வில் மூடப்படும். இது அழகுக்காக மட்டும் செய்யப்பட்டதன்று, ஈரம் உட்புகாமல் தடுப்பதற்காகவும் ஆகும்.

தோற்றம்

வில் என்ற கருவி கூட்டு வில்லை விட மிகவும் பழமையானது. இலங்கையின் களுத்துறை மாவட்டத்தில் உள்ள பாகியங்கலை குகையில் கிடைத்த எலும்பு அம்பு முனைகள் சுமார் 48,000 ஆண்டுகள் பழமையானவை என 2020இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லம்புப் பயன்பாட்டிற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று. முழு வில்லாகக் கிடைத்தவற்றுள் பழமையானவை டென்மார்க்கின் சதுப்பு நிலத்தில் புதைந்து கெடாமல் இருந்த மர வில்கள் ஆகும்.

கூட்டு வில் எங்கு முதலில் தோன்றியது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அக்காத்தின் அரசன் நராம்-சின்னின் வெற்றித் தூணில் (கி.மு. 23ஆம் நூற்றாண்டு) அவன் கையிலுள்ள குட்டையான வில் கூட்டு வில்லே என்பது சிலரின் கருத்து. ஆனால் சிற்பத்தில் தெரிவது வடிவம் மட்டுமே. மரத்தையும் நீராவியில் வாட்டி அவ்வாறு வளைக்க இயலும் என்பதால் மற்றவர்கள் இதை ஏற்பதில்லை. உருவத்தைக் கொண்டு பொருளை ஊகிப்பதில் உள்ள இந்தச் சிக்கல் இந்தியச் சிற்பங்களுக்கும் பொருந்தும்.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று எகிப்திலிருந்து வருகிறது. 1922இல் ஓவார்டு கார்ட்டர் கண்டறிந்த துட்டன்காமுன் மன்னனின் (கி.மு. 14ஆம் நூற்றாண்டு) கல்லறையில் தனிமர வில்களோடு முப்பதுக்கும் அருகான கூட்டு வில்களும் இருந்தன. எகிப்தின் வறண்ட காற்றே அவற்றைக் காத்தது. எகிப்துக்கு இவ்வில் தேருடன் சேர்ந்தே ஆசியாவிலிருந்து வந்தது என்பர். ஆரக்கால் சக்கரத் தேர் கி.மு. 2000 அளவில் யூரல் மலைக்குத் தெற்கே உள்ள புல்வெளிகளில் தோன்றியது என்பதால், கூட்டு வில்லின் வரலாற்றையும் அதனோடு இணைத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று.

கிரேக்க இலியட் காவியத்தின் நான்காம் படலத்தில் பாண்டரசு என்பவனின் வில் காட்டாட்டின் கொம்பால் ஆனதாகச் சொல்லப்படுகிறது. ஒடிசியில் ஒடிசியசின் வில்லில் நாணேற்ற முடியாத இளைஞர்கள் அதை நெருப்பில் காட்டிக் கொழுப்புத் தடவுகின்றனர். சூடு காட்டிப் பதப்படுத்துவது கொம்பு வில்லுக்கு உரிய பழக்கம் என்பதால் பல ஆய்வாளர்கள் அதனைக் கூட்டு வில்லாகக் கொள்கின்றனர்.

இந்தியாவில்

இந்திய வில்களைப் பற்றிய வெளிநாட்டார் குறிப்புகள் பெரும்பாலும் மூங்கில் வில்லையே பேசுகின்றன. கி.மு. 480இல் பாரசீக மன்னன் செர்க்சசின் படையில் இருந்த இந்தியர்கள் பருத்தியாடை உடுத்தி, நாணல் அல்லது மூங்கிலால் ஆன வில்லும் இரும்பு முனை கொண்ட அம்பும் வைத்திருந்தனர் என்கிறார் எரோடோட்டசு. அலெக்சாந்தரின் கடற்படைத் தளபதி நியார்க்கசு எழுதியதைக் கொண்டு அரியன் தரும் விவரம் இன்னும் தெளிவானது. அதன்படி இந்தியக் காலாட்படையினரின் வில் ஆளுயரம் இருந்தது. அதன் ஒரு முனையைத் தரையில் ஊன்றி இடக்காலால் மிதித்து நாணை இழுத்தனர். அம்பு ஏறத்தாழ மூன்று முழம் நீளமுள்ளது. கேடயமோ மார்புக் கவசமோ அதைத் தடுக்கவில்லை. கி.மு. 326இல் போரசுடன் நடந்த போரில் மழையால் தரை வழுக்கியதால் இந்தப் பெரிய வில்களை ஊன்ற முடியாமல் போயிற்று எனக் கர்ட்டியசு எழுதுகிறார்.

ஆயினும் கொம்பு வில் இந்தியாவில் அறியப்படாததன்று. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் (தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்திற்கு அளித்த ஏட்டிலிருந்து சாமா சாத்திரி 1909இல் பதிப்பித்த அதே நூல்) ஆயுதசாலை பற்றிய பகுதியில் நான்கு வகை வில்களைக் கூறுகிறது. பனையால் ஆனது கார்முகம், மூங்கிலால் ஆனது கோதண்டம், மரத்தால் ஆனது துரூணம், கொம்பால் ஆனது தனுசு என இரு பட்டியல்களையும் வரிசையாகப் பொருத்திப் பொருள் கொள்வர். நாணுக்கு உரியவையாக மூர்வை, எருக்கு, சணல், மூங்கில் நார், தசைநாண் முதலியவற்றை அந்நூல் சுட்டுகிறது. அக்கினி புராணம் வில்லுக்கான பொருட்களை உலோகம், கொம்பு, மரம் என மூன்றாகச் சுருக்குகிறது.

பிற்காலத்தில் துருக்கிய, முகலாயப் படைகளின் வழியாகக் கூட்டு வில் வட இந்தியாவில் வேரூன்றியது. முகலாய ஓவியங்களில் வண்ணமும் பொன்னும் பூசிய இவ்வில்களை மிகுதியாகக் காணலாம். அதே காலத்தில் இந்தியாவில் முழுவதும் எஃகாலான வில்களும் செய்யப்பட்டன. எய்வதற்குக் கொம்பு வில் அளவுக்கு அவை சிறந்தவை அல்ல. எனினும் ஈரத்தாலும் பூச்சியாலும் கெடாமல் ஆயுதக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடக்கக் கூடியவை. கூட்டு வில்லின் பலவீனம் என்ன என்பதை இந்த எஃகு வில்களே எடுத்துக் காட்டுகின்றன.

தமிழகத்தில்

சேரரின் சின்னம் வில் ஆகும். அவர்களது காசுகளிலும் வில்லும் அம்பும் பொறிக்கப்பட்டுள்ளன. செங்கம், தருமபுரிப் பகுதி நடுகற்களில் ஆநிரைப் பூசலில் இறந்த வீரர்கள் வில்லேந்தி நிற்கின்றனர். சோழர் கல்வெட்டுகளில் வில்லிகள் என்ற பெயரில் படைப்பிரிவுகள் வருகின்றன. எனவே வில்லின் சிறப்பைப் பற்றிக் கேள்வியில்லை. அது எதனால் செய்யப்பட்டது என்பதே கேள்வி.

தென்னிந்தியப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களில் இரும்பு அம்பு முனைகள் பரவலாகக் கிடைக்கின்றன. மதுராந்தகத்திற்கு அருகில் உள்ள சாணூரில் 1950, 1952ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்த கல்லறைகளிலும் இரும்புக் கருவிகள் கிடைத்தன. ஆனால் மரமும் கொம்பும் நாரும் இந்த மண்ணில் மக்கிவிடுகின்றன. எனவே சொற்களே எஞ்சிய சான்று ஆகின்றன.

வில்லைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் கொடுமரம் என்பதற்கு வளைந்த மரம் என்பது நேர்ப்பொருள். சிலை என்ற சொல் வில்லையும், வில் செய்வதற்கு உதவிய ஒரு மரத்தையும் குறிக்கும். வரிவில், வரிசிலை என்பவற்றுக்கு வரிந்து கட்டப்பட்ட வில் என உரைகாரர் பொருள் கூறுவர். மர வில் பிளவாமல் இருக்க நாராலோ தோலாலோ இறுகச் சுற்றுவது பல நாடுகளிலும் உள்ள வழக்கம். இதை மட்டும் வைத்து வரிவில்லைக் கூட்டு வில் என்று கொள்வது பொருந்தாது. தமிழின் சொந்தப் பெயர்கள் மரத்தையே சுட்ட, கொம்பைச் சுட்டும் பெயர் வடமொழி வழியாக வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

அப்பெயரே சார்ங்கம். வடமொழியில் சிருங்கம் என்றால் கொம்பு; சார்ங்கம் என்றால் கொம்பால் ஆனது. திருமாலின் ஐம்படைகளுள் ஒன்றான இவ்வில்லை ஆண்டாள் திருப்பாவையின் நான்காம் பாடலில் மழைக்கு உவமையாகக் குறிப்பிடுகிறார். கும்பகோணத்துப் பெருமாள் சார்ங்கபாணி என்றால் கொம்பு வில்லைக் கையில் உடையவர் என்று பொருள். மக்கள் வழக்கில் இது சாரங்கபாணி என்றாகிவிட்டது. சாரங்கம் என்பதற்கு மான் என்ற பொருளும் உண்டாதலால், அப்பெயர் மானேந்திய சிவனுக்கே பொருந்தும் எனப் புலவர்கள் சிலேடையாகச் சொல்வதுண்டு.

நாணுக்கான பொருட்களுக்கு இங்குப் பஞ்சமில்லை. அர்த்தசாத்திரம் கூறும் மூர்வை, மரல் அல்லது மருள் எனப்படும் செடியாக அடையாளம் காணப்படுகிறது. கிழக்குக் கடற்கரையின் வறண்ட புதர்க்காடுகளில் வளரும் இதன் வாள் போன்ற இலையிலிருந்து உறுதியான நார் கிடைக்கும். ஆங்கிலேயத் தாவரவியலார் இதற்கு இட்ட பெயரே வில்நாண் சணல் என்ற பொருள் உடையதுதான். எருக்கு, செங்கல்பட்டு வட்டாரத் தரிசுகளில் எங்கும் காணப்படுவது. பனையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. முற்றிய பனையின் வெளிப்புற வைரம் கடினமும் நீண்ட நார்களும் கொண்டது; வில்லுக்கு ஏற்ற பொருளாக அதை அர்த்தசாத்திரம் முதலில் வைத்ததில் வியப்பில்லை.

மாமல்லபுரமும் மதுராந்தகமும்

மாமல்லபுரம் மகிடாசுரமர்த்தினி குகையில் (கி.பி. 7ஆம் நூற்றாண்டு) சிங்கத்தின் மீது அமர்ந்து வில்லை வளைக்கும் எண்கைக் கொற்றவையின் சிற்பம் பல்லவர் காலத்து வில்லாண்மையை இயக்கத்தோடு காட்டும் அரிய படைப்பாகும். அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரும் பாறைப் புடைப்பில் வில்லேந்திய வேடர்களும் இடம்பெற்றுள்ளனர். வில் பிடிக்கும் முறை, இழுக்கும் கையின் நிலை, உடலின் சாய்வு ஆகியவற்றை இவற்றிலிருந்து அறியலாம். மேலே நராம்-சின் பற்றிக் கூறிய எச்சரிக்கை இங்கும் உண்டு: கருங்கல் கொம்பையும் மூங்கிலையும் ஒன்றுபோலவே காட்டும். வளைந்த நுனி கொண்ட வில்களை எல்லாம் கூட்டு வில் என அடையாளப்படுத்தும் நூல்களை இக்காரணத்தால் எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும்.

செங்கல்பட்டு மாவட்டம் (2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தின் பகுதி) மதுராந்தகத்தில் உள்ள ஏரி காத்த இராமர் கோயிலின் மூலவர் கோதண்டராமர் ஆவார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டராக லயனல் பிளேசு இருந்த காலத்தில், பெருமழையால் மதுராந்தகம் ஏரி உடையும் நிலையை எட்டியது. அன்றிரவு கரையில் வில்லேந்திய இருவர் காவல் நிற்பதைப் பிளேசு கண்டதாகவும், ஏரி உடையாததால் அவர் தாயார் சன்னதித் திருப்பணியைச் செய்வித்ததாகவும் தலவரலாறு கூறுகிறது. அத்திருப்பணியைக் குறிக்கும் கல்வெட்டு கோயிலில் உள்ளது.

அர்த்தசாத்திரத்தின் வரிசைப்படி கோதண்டம் என்பது மூங்கில் வில். பிற்கால நிகண்டுகளில் அச்சொல் வில்லுக்குப் பொதுப்பெயர் ஆகிவிட்டது என்பதையும் சேர்த்தே கொள்ள வேண்டும். எனினும் இப்பெயர் அவ்விரவின் சூழலுக்கு நன்கு பொருந்துகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரிக்கரையில் இரவு முழுவதும் நனைந்த கொம்பு வில்லில் பசை இளகி, தசைநாண் அடுக்கு தளர்ந்து, காலைக்குள் எய்யும் வலிமை குன்றியிருக்கும். மூங்கில் வில்லைத் துடைத்துவிட்டால் போதும்.

சோழமண்டலக் கடற்கரையின் நிலை பொதுவாகவே இதுதான். மழைக்காலத்தில் மட்டுமன்றி ஆண்டின் பெரும்பகுதியிலும் கடற்காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும். கொம்பு வில்லைப் போற்றிய துருக்கியரும் கொரியரும் கூட அதைச் சூடான பெட்டியிலோ அறையிலோ வைத்துக் காத்தனர். ஆயிரக்கணக்கான வில்களை இவ்வாறு பேணுவது இங்கு ஒரு படைக்குப் பெரும் சுமையாகும். ஓராண்டில் ஒரு வில் முடியும் கைவினைக்கு எதிரே, ஓரிரு நாளில் வெட்டி வாட்டி எடுக்கும் மூங்கில் வில் நிற்கிறது. தேரும் குதிரையும் போரில் முதலிடம் பெற்ற நாடுகளில் குட்டை வில்லின் தேவை மற்றக் குறைகளை மறக்கச் செய்தது. யானையும் காலாட்படையும் மிகுந்த தென்னாட்டில் ஆளுயர வில் ஒரு தடையாக இருக்கவில்லை. எனவே கொம்பு வில் இல்லாமையைத் தொழில்நுட்பப் பின்னடைவாகக் கருதுவது சரியன்று. அரியன் கூறியபடி கவசத்தைத் துளைத்ததும் இந்த ஆளுயர வில்தான்.

இக்காலத்தில்

துப்பாக்கியின் வரவால் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கூட்டு வில் போர்க்களத்திலிருந்து மறைந்தது. கொரியாவில் எருமைக் கொம்பு வில் செய்யும் கைவினை இன்றும் தொடர்கிறது. துருக்கியின் மரபு வில்வித்தை 2019இல் யுனெசுகோவின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அமெரிக்க இயற்பியலாளர் பால் கிளாப்சிடெக் 1934இல் வெளியிட்ட துருக்கிய வில் பற்றிய நூல், இதன் செய்முறையை மேலை நாடுகளுக்கு விரிவாக அறிமுகப்படுத்தியது. இன்று விளையாட்டு வில்களில் கொம்பின் இடத்தையும் தசைநாணின் இடத்தையும் கண்ணாடி இழையும் கரிம இழையும் பிடித்துள்ளன. வச்சிரத்தின் இடத்தில் ஈரத்துக்கு இளகாத செயற்கைப் பிசின் வந்துள்ளது.